‘வைஃபை போச்சு சார்!’ – பழைய மடிக்கணினி, லினக்ஸ், கொஞ்சம் உப்புக்காற்று

எங்கள் கரையில் மே மாதம் இரண்டு காரியங்கள் ஒன்றாக வந்து சேரும். ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் பாதியில் இருக்கும். மண்டபத்திலும் பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் விசைப்படகுகள் கரையோடு கட்டிக் கிடக்கும். அதே வாரங்களில் பிளஸ் டூ முடிவு வந்து, பொறியியல் கலந்தாய்வுக்கும் அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கும் இணையவழி விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் வருமானம் இல்லாத நேரத்தில்தான் விண்ணப்பத்துக்கு ஒரு தொகை, சான்றிதழ் ஏற்றுவதற்கு ஒரு தொகை, எழுத்துப்பிழை திருத்த மறுபடி ஒரு தொகை என்று பிரவுசிங் சென்டரில் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அப்படி ஒரு மே மாதத்தில் என் மாணவி ஒருத்தி அப்பாவோடு பள்ளிக்கு வந்தாள். துணிப்பையில் ஒரு மடிக்கணினி. அவளுடைய அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. அக்கா திருமணமாகிப் போன பிறகு பல வருடம் அலமாரியில் கிடந்திருக்கிறது. “டவுன்ல ஒரு கடையில காட்டுனோம் சார். ஆன் ஆகுது, ஆனா வைஃபை போச்சாம். போர்டு மாத்தணும், மூவாயிரம் ஆகும்கிறாங்க” என்றார் அப்பா. மூவாயிரம் என்பதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு மாலை நேரம் செலவானது. எந்தப் பாகமும் மாற்றவில்லை. அன்று முதல் இதுவரை என் மேசைக்கு வந்த பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றை வைஃபையோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒன்றை நானே கெடுத்தும் இருக்கிறேன். அதையும் சொல்கிறேன். மற்றப் பள்ளிகளின் ஆசிரியர்கள் போனில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் இந்தக் கணினிகளைப் பற்றிக் கொஞ்சம். தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. எல்காட் நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி மூலம் பல தயாரிப்பாளர்களிடமிருந்து வாங்கியது. ஆகவே ஓர் ஆண்டு வந்ததும் மறு ஆண்டு வந்ததும் உள்ளே ஒன்றல்ல. பெரும்பாலானவற்றில் விண்டோஸுடன் ‘பாஸ்’ என்னும் லினக்ஸும் சேர்த்தே நிறுவப்பட்டிருந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவான இந்த இயங்குதளம், டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. கணினியைத் திறக்கும்போது இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும் கறுப்புத் திரையைப் பல மாணவர்கள் ஏதோ கோளாறு என்றே நினைத்துக் கடந்துபோனார்கள் என்பது வேறு கதை.

அந்த விண்டோஸுக்கு இப்போது வயதாகிவிட்டது. விண்டோஸ் 7-க்கு நிறுவனத்தின் ஆதரவு 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இலும் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் செயலியும் பாதுகாப்புச் சில்லும் பத்து வருடத்துக்கு முந்தைய மடிக்கணினியில் இல்லை. ஆனால் அதே கணினியில் எடை குறைந்த ஒரு லினக்ஸ் – டெபியனும் எக்ஸ்எஃப்சிஇ முகப்பும் போதும் – தாராளமாக ஓடும். கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் பாடம் நடத்துகின்றன. அங்கே ‘கைட்’ அமைப்பு உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு தனக்கென ஒரு லினக்ஸ் பதிப்பையே வெளியிடுகிறது. நம் பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடநூலிலும் விண்டோஸுக்குப் பக்கத்தில் உபுண்டு இருக்கிறது. பாடத்தில் இருப்பது கையில் ஓட வேண்டுமானால், நடுவில் நிற்கும் ஒரே பெரிய தடை பெரும்பாலும் வைஃபைதான்.

வைஃபை வரவில்லை என்றால் உடனே எதையாவது நிறுவத் தொடங்காதீர்கள். மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். கணினிக்குத் தன்னுள் ஒரு வைஃபை அட்டை இருப்பது தெரிகிறதா? தெரிந்தால், அதை ஓட்டத் தேவையான மென்பொருள் இருக்கிறதா? அதுவும் இருந்தால், வெளியே உள்ள இணைப்பு அதன் கண்ணுக்குப் படுகிறதா? நான் பார்த்த வரையில், முதல் கேள்வியைக் கேட்காமல் இரண்டாவதில் மூன்று நாள் முட்டி மோதியவர்களே அதிகம். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான்.

கட்டளைகளைப் போனில் சொல்வதுபோலவே எழுத்து எழுத்தாகச் சொல்கிறேன். எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து. டெர்மினலைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்று ஐந்தெழுத்தைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறி போட்டு என், என், கே என்று சேர்த்து என்டரை அழுத்துங்கள். கணினியின் உள்ளே பிசிஐ வழியாக இணைந்துள்ள ஒவ்வொரு கருவியும் ஒரு வரியாக வரும். ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ அல்லது ‘வயர்லெஸ்’ என்ற சொல் உள்ள வரியைத் தேடுங்கள். அந்த வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள், நடுவில் முக்காற்புள்ளியோடு நான்கு நான்கு இலக்கமாக ஓர் எண் இருக்கும். அதைப் பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். பெயரைவிட அந்த எண்தான் முக்கியம்.

முதல் நான்கு இலக்கம் சில்லு செய்த நிறுவனத்தைச் சொல்லும். 8086 என்றால் இன்டெல். 1978-இல் அந்த நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் எண்ணையே அடையாள எண்ணாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மாணவர்களிடம் சொன்னால் மறக்கமாட்டார்கள். 14இ4 பிராட்காம், 168சி ஏதெராஸ், 10இசி ரியல்டெக். (இடையிலுள்ள இ, சி எல்லாம் ஆங்கில எழுத்துகள், பதினாறடிமான எண்முறைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.) அடுத்த நான்கு இலக்கம் சில்லின் மாதிரியைச் சொல்லும். அதே வரிக்குக் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்று ஒரு வரி இருந்தால், எந்த இயக்கி அதை ஓட்டுகிறது என்பதும் தெரிந்துவிடும். அந்த வரி இல்லையென்றால் ஓட்ட ஆளில்லை என்று பொருள்.

அந்த மாணவியின் கணினியில் வயர்லெஸ் என்ற வரியே இல்லை. கம்பி வழி இணைப்புக்கான வரி இருந்தது, ஒலி அட்டை இருந்தது. வைஃபை அட்டை இருந்த சுவடே தெரியவில்லை. இந்த நிலையில் எந்த மென்பொருளை நிறுவினாலும் பயனில்லை. எஃப்2 விசையை அழுத்தி பயாஸ் அமைப்புக்குள் போய், வயர்லெஸ் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை என்பது தெரிந்தது. அட்டை பேசவில்லை. ஆனால் பேசாத அட்டையெல்லாம் செத்த அட்டை அல்ல.

இங்கே நம் ஊரின் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது. அதன் இரும்போடு உப்புக்காற்று நடத்திய சண்டை நூறு வருடத்துக்கு மேல் நீண்டது. 2022 டிசம்பரில் அதன்மீது ரயில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் தனிப்பட்ட பூச்சையும் பயன்படுத்த வேண்டியிருந்தது. பாலத்தையே தின்னும் காற்று, கடற்கரையோர வீட்டு அலமாரியில் பல வருடம் கிடந்த மடிக்கணினியை விட்டுவைக்குமா? வைஃபை அட்டை ஒரு தீப்பெட்டி அளவு இருக்கும். தாய்ப்பலகையில் உள்ள பள்ளத்தில், தங்கமுலாம் பூசிய மெல்லிய தொடுமுனைகளால் செருகப்பட்டிருக்கும். ஈரமும் உப்பும் அந்த இடைவெளியில் படிந்தால் மின்தொடர்பு அறுந்துபோகும்.

அப்பாவிடம் அனுமதி கேட்டுத்தான் திறந்தேன். இதை வலியுறுத்திச் சொல்கிறேன். இது அந்தக் குடும்பத்தின் உடைமை, உரிமையாளர் சம்மதித்தால் திறக்கலாம். பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் இருக்கும் கருவிகளை இப்படித் திறக்கக் கூடாது. அவற்றுக்குப் பராமரிப்பு முறை வேறு. புகார் பதிவுசெய்துவிட்டுக் காத்திருப்பதே சரி.

மின்னேற்றியைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றிய பிறகே அடிமூடியைத் திறக்க வேண்டும். முதலில் பீரோவையோ ஜன்னல் கம்பியையோ தொட்டுக்கொண்டால் கையிலுள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். அட்டையில் இரண்டு மெல்லிய கம்பிகள் பொருந்தியிருக்கும், பெரும்பாலும் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. எது எங்கே இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருகுகளைக் கழற்றியதும் அட்டை சற்று மேலே எழும்பும். அப்படியே சாய்வாக இழுத்தால் வந்துவிடும். இந்த அட்டையின் தொடுமுனையில் பச்சையாக ஒரு படிவு இருந்தது. பென்சில் அழிப்பானால் மெதுவாக, அழுத்தாமல், இரண்டு பக்கமும் தேய்த்தேன். துகளைத் தட்டிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, காயவிட்டுச் செருகினேன். தண்ணீரோ வேறு ‘கிளீனரோ’ வேண்டாம்.

மறுபடி அதே ஐந்தெழுத்துக் கட்டளை. இந்த முறை வயர்லெஸ் வரி வந்தது. 14இ4, முக்காற்புள்ளி, 4727. பிராட்காம் 4313. அந்தப் பெண் “வந்துருச்சு சார்!” என்று கத்தினாள். நான் “இன்னும் வரலம்மா, ஆள் இருக்குன்னு மட்டும்தான் தெரியுது” என்றேன்.

இனி என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். வேறொரு வீட்டுக் கணினியில் அந்தக் கறுப்பு, வெள்ளைக் கம்பிகளைக் கழற்றும்போது நேராக மேலே தூக்காமல் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துவிட்டேன். நுனியில் கடுகளவு இருக்கும் வட்டக் கொக்கி பிய்ந்து வந்தது. இவைதான் ஆன்டெனாக் கம்பிகள். திரையின் சட்டத்துக்குள் ஓடி மேலே முடிகின்றன. ஆன்டெனா இல்லாத அட்டை ரௌட்டருக்கு ஒரு முழம் தூரத்தில் மட்டும் இணைப்பைப் பிடிக்கும், இரண்டடி தள்ளினால் விட்டுவிடும். கீல் உடைந்த மடிக்கணினியிலும் இதே அறிகுறி வரலாம், ஏனென்றால் கம்பி கீல் வழியாகத்தான் போகிறது. நகத்தால் வேண்டாம், மெல்லிய பிளாஸ்டிக் முனையைக் கொக்கிக்கு அடியில் கொடுத்து நேர்மேலே நெம்புங்கள்.

அட்டை பட்டியலில் தெரிந்தும் வைஃபை ‘ஆஃப்’ என்றே நின்றால், ஆர், எஃப், கே, ஐ, எல், எல் என்று தட்டி, இடைவெளி விட்டு ‘லிஸ்ட்’ என்று கொடுங்கள். ‘சாஃப்ட் பிளாக்’, ‘ஹார்டு பிளாக்’ என்று இரண்டு வரி வரும். முதலாவதில் ‘எஸ்’ என்றால் மென்பொருள் அணைத்திருக்கிறது. அதே கட்டளையோடு ‘அன்பிளாக் ஆல்’ என்று கொடுத்தால் திறந்துவிடும். இரண்டாவதில் ‘எஸ்’ என்றால் எங்கோ ஒரு பொத்தான் அணைந்திருக்கிறது. சில மாதிரிகளில் பக்கவாட்டில் நகர்த்தும் சிறு சுவிட்சு, சிலவற்றில் எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தும், ஆன்டெனா படம் போட்ட விசை. ஒரு முறை இதற்காக மட்டும் பாம்பனிலிருந்து ஓர் ஆசிரியர் கணினியைப் பேருந்தில் கொண்டுவந்தார். பக்கத்துச் சுவிட்சைத் தள்ளிக் கொடுத்தேன், டீ குடித்துவிட்டுப் போனார்.

அடுத்தது இரண்டாவது கேள்வி. இதில் இயக்கி, ஃபர்ம்வேர் என்ற இரண்டு சொற்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். எங்கள் பிள்ளைகளுக்கு நான் இப்படிச் சொல்வேன். விசைப்படகை ஓட்டத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். அது இயக்கி. ஆனால் ஆள் இருந்தால் மட்டும் படகு கிளம்பாது. ஒவ்வொரு முறை கடலுக்குப் போகும்போதும் மீன்வளத்துறையிடம் டோக்கன் வாங்க வேண்டும். நேற்று வாங்கிய டோக்கன் இன்றைக்குச் செல்லாது. ஃபர்ம்வேர் அந்த டோக்கன் மாதிரி. பெரும்பாலான வைஃபை அட்டைகள் உள்ளே தனக்கென ஒரு குட்டிச் செயலி வைத்திருக்கும். அந்தச் செயலிக்குரிய மென்பொருள் அட்டையில் நிலையாக இருப்பதில்லை. மின்சாரம் போனால் மறந்துவிடும். ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் இயக்கி அதை வன்வட்டிலிருந்து எடுத்து அட்டைக்குள் ஏற்ற வேண்டும். அந்தக் கோப்பு இல்லையென்றால், இயக்கி இருந்தும் அட்டை எழும்பாது.

அந்தக் கோப்பு ஏன் இல்லாமல் போகிறது? லினக்ஸின் மூலநிரல் எல்லாருக்கும் திறந்தது. ஃபர்ம்வேர் கோப்புகளோ பெரும்பாலும் நிறுவனங்களின் மூடிய சொத்து. கட்டற்ற மென்பொருளை மட்டுமே தருவோம் என்ற கொள்கை கொண்ட டெபியன், நெடுங்காலம் அவற்றை நிறுவல் வட்டில் சேர்க்காமல் தனியே வைத்திருந்தது. கொள்கை மதிக்கத்தக்கதுதான். ஆனால் வைஃபை கோப்பை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும் என்ற நிலையில் ராமேஸ்வரம் தீவில் ஒரு பள்ளி மாணவி என்ன செய்வாள்? 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி இதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் நிறுவல் வட்டிலேயே ஃபர்ம்வேர் கோப்புகள் இருக்கின்றன, தேவையானதை அதுவே கண்டுபிடித்துப் போட்டுக்கொள்கிறது. ஆகவே என் ஆலோசனை இதுதான். கணினியோடு வந்த மிகப் பழைய லினக்ஸைச் சரிசெய்ய மெனக்கெடாதீர்கள். வீட்டிலுள்ள படங்கள், ஆவணங்களை முதலில் பென்டிரைவில் எடுத்துவைத்துவிட்டு, டெபியன் 12 அல்லது அதற்குப் பிந்தையதை, அல்லது பாஸின் புதிய பதிப்பை நிறுவுங்கள். மாணவியின் கணினியில் டெபியன் 12 போட்டபோது பிராட்காம் 4313 தானாகவே எழும்பியது.

எல்லா பிராட்காமும் அப்படி அல்ல. இந்த நிறுவனம் தன் புதிய சில்லுகளுக்கான திறந்த இயக்கியை வெளியிட்டதே 2010 செப்டம்பரில்தான். அதற்கு முந்தைய சில்லுகளுக்கான ‘பி43’ இயக்கியை, நிறுவனத்தின் ஆவணம் ஏதுமில்லாமல், அதன் மூடிய இயக்கியைப் பின்னோக்கி ஆராய்ந்து தன்னார்வலர்கள் எழுதினார்கள். 14இ4-க்குப் பின் 4315 என்று வந்தால் அது 4312 என்ற பழைய சில்லு. இதற்கு ‘ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர்’ என்ற பொதியை நிறுவ வேண்டும். பெயரைக் கவனியுங்கள்: அதற்குள் ஃபர்ம்வேர் கிடையாது. மறுபகிர்வு செய்ய அனுமதி இல்லாததால், நிறுவும்போது அது இணையத்துக்குப் போய் எடுத்துவரும். டெபியன் 12-இலும் இதற்கு விலக்கு இல்லை. ஆக, மறுபடி அதே முட்டுச்சந்து.

முட்டுச்சந்தைத் தாண்ட ஒரு யுஎஸ்பி கேபிள் போதும். ஆண்ட்ராய்டு போனைக் கேபிளால் இணைத்து, ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் உள்ள ‘யுஎஸ்பி டெதரிங்’ என்பதை இயக்குங்கள். லினக்ஸ் அதைக் கம்பிவழி இணைப்பாக எடுத்துக்கொள்ளும், தனியே எதுவும் நிறுவ வேண்டாம். மின்னேற்ற மட்டும் உதவும் கேபிள்களும் உண்டு, ஒன்றில் வரவில்லையென்றால் வேறொன்றைப் போட்டுப் பாருங்கள். போனில் டேட்டா குறைவாக இருந்தால், போனையே ஏதாவது ஒரு வைஃபையில் இணைத்துவிட்டு டெதரிங் கொடுக்கலாம். போன் அப்போது தற்காலிக வைஃபை அட்டையாகிவிடுகிறது. அவசரத்துக்கு விண்ணப்பம் போடுவதற்கு இதுவே போதும், அட்டையை அப்புறம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

எந்தக் கோப்பு இல்லை என்பதைக் கணினியே சொல்லும். சூடோ என்று தொடங்கி, டி, எம், இ, எஸ், ஜி என்று தட்டினால் கணினி தொடங்கியதிலிருந்து நடந்த கதையெல்லாம் வரும். அதில் ‘ஃபர்ம்வேர்’ என்ற சொல்லைத் தேடுங்கள். ‘ஃபெயில்டு’ என்ற சொல்லோடு ஒரு கோப்பின் பெயர் இருந்தால் அதுதான் இல்லாதது. ரியல்டெக்குக்கு ‘ஃபர்ம்வேர்-ரியல்டெக்’, இன்டெல்லுக்கு ‘ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை’, ஏதெராஸுக்கு ‘ஃபர்ம்வேர்-ஏதெராஸ்’ என்று டெபியனில் பொதிகள் இருக்கின்றன. உபுண்டுவில் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ என்ற சாளரமே இந்த வேலையைச் செய்துவிடும். இயக்கி தருவதாகச் சொல்லும் தெரியாத இணையப் பக்கங்களில் எதையும் இறக்காதீர்கள். விண்டோஸ் காலத்துப் பழக்கம் அது.

சில பழைய பிராட்காம் அட்டைகளுக்கு, பெயர் ‘டிகேஎம்எஸ்’ என்று முடியும் ஓர் இயக்கிப் பொதியைப் பரிந்துரைப்பார்கள். அது லினக்ஸின் கருவான கெர்னலுக்கு ஏற்ப அந்தக் கணினியிலேயே தொகுக்கப்படுவது. கெர்னல் புதுப்பிக்கப்பட்டு, அதற்குரிய ‘ஹெடர்ஸ்’ பொதி கூடவே வராவிட்டால், நேற்றுவரை ஓடிய வைஃபை இன்று காலை காணாமல் போகும். திறந்த இயக்கி ஒன்று உள்ளபோது அதையே பயன்படுத்துங்கள்.

நிறுவியாகிவிட்டது, அட்டை எழுந்துவிட்டது. மாணவியின் கணினியில் பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கள் எல்லாம் தெரிந்தன. அவளுடைய அப்பாவின் போன் ஹாட்ஸ்பாட் மட்டும் தெரியவில்லை. இது மூன்றாவது கேள்வி. கணினியில் குற்றமே இல்லை. நம் நாட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதி உரிமம் இல்லாத பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது 2018-இல். அதற்கு முந்தைய விலை குறைந்த மடிக்கணினிகளில் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அட்டைதான் இருக்கும். புதிய போன்களில் பல, ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் திறக்கின்றன. பழைய அட்டைக்கு அந்த அலை கண்ணிலேயே படாது. ஹாட்ஸ்பாட் அமைப்பில் ‘பேண்ட்’ என்பதை 2.4-க்கு மாற்றுங்கள். சில போன்களில் ‘கம்பாட்டிபிலிட்டி’ என்ற சொல்லோடு ஒரு பொத்தான் இருக்கும், அதை இயக்கினாலும் சரி. மாற்றிய நொடியில் அப்பாவின் போன் பெயர் திரையில் வந்தது.

(இயற்பியல் ஆசிரியர்களுக்கு: 2.4 கிகாஹெர்ட்ஸின் அலைநீளத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். 12.5 சென்டிமீட்டர் வரும். மாணவர்கள் ஒளியின் வேகத்தை நிஜமான ஒரு பொருளில் பயன்படுத்திய திருப்தியோடு ஸ்கேலை எடுத்து அளந்து பார்ப்பார்கள்.)

பெயர் தெரிந்தும் கடவுச்சொல்லை ஏற்க மறுக்கிறதா? ஹாட்ஸ்பாட்டின் பாதுகாப்பு ‘டபிள்யூபிஏ3’ மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். பழைய அட்டைகள் பலவற்றுக்கு அது புரியாது, டபிள்யூபிஏ2-வுக்கு மாற்றலாம். பாதுகாப்பே வேண்டாம் என்று திறந்துவிடுவது மட்டும் தீர்வல்ல. ரௌட்டர் 12 அல்லது 13-ஆம் சேனலில் இருந்தாலும் சில அட்டைகள் பார்க்காது. அவை அமெரிக்க ஒழுங்குக்காகச் செய்யப்பட்டு 11-ஓடு நிற்பவை. ரௌட்டரில் 1, 6, 11 இவற்றில் ஒன்றை வைத்துவிட்டால் தொல்லை இல்லை.

இன்னொன்று, பலரை ஏமாற்றுவது. வைஃபை இணைந்துவிட்டது, குறியீடு முழுதாகத் தெரிகிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. ‘சான்றிதழ் செல்லாது’ என்கிறது. மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த கணினியின் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்து, தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். பாதுகாப்பான இணையப் பக்கங்கள் தேதியை வைத்துத்தான் சான்றிதழைச் சரிபார்க்கின்றன. தேதி தவறினால் எல்லாப் பக்கமும் போலி என்றே கணினிக்குத் தோன்றும். மென்பொருள் நிறுவுவதும் இதே காரணத்தால் நின்றுபோகும். தேதியைச் சரிசெய்யுங்கள், முடிந்தால் பேட்டரியையும் மாற்றுங்கள். இரண்டு நாள் ஒரு கணினியோடு மல்லாடிய பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. திரையின் மூலையில் 2012 என்று கொட்டை எழுத்தில் இருந்தது, நான் பார்க்கவே இல்லை.

அட்டை உண்மையிலேயே போய்விட்டால் என்ன செய்வது? வேறு அட்டை வாங்கிப் பொருத்தலாம் என்று தோன்றும். சில தயாரிப்பாளர்களின் பயாஸ், தான் அங்கீகரித்த அட்டையைத் தவிர வேறெதையும் ஏற்காமல் கணினியைத் தொடங்கவே விடாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி வைஃபை குச்சி நல்ல மாற்று. ஆனால் பெட்டியைப் பார்த்து வாங்கக் கூடாது. ஒரே பெயர், ஒரே பெட்டி, உள்ளே சில்லு மட்டும் பதிப்புக்குப் பதிப்பு வேறு. கடைக்காரரிடம் சில்லின் பெயரைக் கேளுங்கள். ஏதெராஸ் ஏஆர்9271, ரேலிங்க் ஆர்டி5370, மீடியாடெக் எம்டி7601யு என்ற மூன்றும் லினக்ஸில் நெடுநாளாக ஓடுகின்றன. இவற்றில் ஏஆர்9271-க்கு ஃபர்ம்வேர்கூடத் திறந்த மூலநிரலாகவே கிடைக்கிறது. குச்சியைச் செருகியதும் எல், எஸ், யு, எஸ், பி என்று தட்டிப் பாருங்கள். வைஃபைக்குப் பதிலாக ‘டிஸ்க்’ என்று காட்டினால் பயப்பட வேண்டாம். விண்டோஸுக்கான இயக்கியைத் தருவதற்காகச் சில குச்சிகள் முதலில் சிடி போல நடிக்கும். கோப்பு மேலாளரில் அந்த ‘சிடி’யை ‘எஜெக்ட்’ செய்தால், அல்லது ‘யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச்’ என்ற பொதியை நிறுவினால், வேடம் கலைந்து வைஃபையாக வரும்.

இணைப்பு அரைமணிக்கு ஒருமுறை அறுந்தால், பெரும்பாலும் மின்சேமிப்புதான் காரணம். நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்பில் ‘வைஃபை பவர்சேவ்’ என்ற வரியில் 3 என்று இருப்பதை 2 என்று மாற்றிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்குங்கள்.

கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. சரியாக்கிக் கொடுத்த கணினியை மறுபடி அலமாரியில் பூட்டிவைத்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் பழைய கதைதான். பாலித்தீன் உறையில் கட்டிவைப்பது இன்னும் மோசம், உள்ளே வியர்த்து நிற்கும். வாரம் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் ஓடவிடச் சொல்கிறேன். ஓடும்போது வரும் சூடே உள்ளிருக்கும் ஈரத்தைக் காயவைக்கும். கடலைப் பார்த்த ஜன்னலோரம் மட்டும் வேண்டாம்.

அந்த மாணவி இரண்டாம் நாள் மாலை எங்கள் வகுப்பறையில் உட்கார்ந்தே கலந்தாய்வு விண்ணப்பத்தைப் போட்டாள். சாதிச் சான்றிதழில் ஓர் எழுத்து மாறியிருந்ததை இரண்டு நாள் கழித்து வீட்டிலிருந்தே திருத்தினாள். பிறகு தெருவில் இருந்த நான்கு பிள்ளைகளின் விண்ணப்பமும் அந்தக் கணினியில்தான் போனது என்று அவள் அப்பா சொன்னார். அதில் இரண்டு பேர் வீட்டிலும் இதேபோல அலமாரியில் ஒன்று கிடந்திருக்கிறது. இரண்டும் என்னிடம் வந்தன. ஒன்றில் 4312, போனைக் கேபிளில் மாட்டி ஒரு மணி நேரத்தில் முடிந்தது. இன்னொன்றுதான் நான் ஆன்டெனாக் கொக்கியைப் பிய்த்தது. அவர்களுக்கு என் செலவில் ஒரு ஏஆர்9271 குச்சி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மாற்றுக் கம்பிக்கு மதுரையில் சொல்லிவைத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை.